பழனி மலையில் லைக்கன் சேகரிப்பு: எப்படி எடுப்பது, என்ன எழுதுவது, எப்படிக் காப்பது

கேள்வி இதுதான்: எம்.எஸ்சி. தாவரவியல் திட்டப்பணிக்காக மூன்று நாள் கொடைக்கானல் பக்கம் போய், சோலைக்காட்டு ஓரங்களிலும் தோட்டங்களிலும் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து ஒரே உடலாக வாழ்வது) சேகரிக்க வேண்டும். எப்படி எடுப்பது, குறிப்பேட்டில் என்னென்ன எழுதுவது, பூஞ்சணம் பிடிக்காமல் ஊருக்கு எப்படிக் கொண்டுவருவது?

லைக்கன் மாதிரியில் உறைக்குள் கிடக்கும் துண்டு பாதிதான். அது எந்த மரத்தில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எந்தத் திசை பார்த்த பக்கத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தது என்பது மறுபாதி. துண்டை ஆறு மாதம் கழித்தும் வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கலாம், சொட்டுச் சோதனை (வேதிக் கரைசலைத் தொட்டுவைத்து நிறமாற்றம் பார்ப்பது) செய்யலாம். மறுபாதியை, மரத்தைவிட்டு நகர்ந்த பிறகு யாராலும் மீட்டுத் தர முடியாது. அதனால் கீழே வரும் எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் கறாராக எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த இடத்திலேயே நின்று எழுதி முடிக்காத எதையும் பையில் போடாதீர்கள். நேரம் போதவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், குறிப்பைக் குறைக்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு நாளைக்கு 25, 30 மாதிரி என்பதே நிறைவான வேலை.

முதலில் அனுமதி. காப்புக்காட்டுக்குள் ஒரு பட்டைத் துண்டை எடுப்பதற்கும் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். கொடைக்கானல் வன உயிரின சரணாலயத்துக்குள் வரும் இடமென்றால் விண்ணப்பம் தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போகும். இதற்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகலாம். துறைத்தலைவரின் கடிதம், சேகரிக்கும் இடங்களின் பெயர், நாட்கள், ஒவ்வொரு மாதிரியும் எவ்வளவு பெரிது, எங்கே வைக்கப்படும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் திரும்பக் கேள்வி வருவது குறையும். தனியார் தோட்டத்துக்கு உரிமையாளரின் சம்மதம் போதும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வாளருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். அனுமதி எண்ணை ஒவ்வொரு லேபிளிலும் எழுதும் பழக்கம் நல்லது.

மலைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யுங்கள். மளிகைக் கடையில் 50 கிராம் கல்பாசி வாங்குங்கள். பிரியாணிக்குப் போடும் அதே கல்பாசிதான். அது ஒரே இனம் இல்லை; பெரும்பாலும் பார்மோட்ரீமா வகைகள், கூடவே எவர்னியாஸ்ட்ரம், ஹெட்டெரோடெர்மியா, ராமலினா, சில நேரம் அஸ்னியா என்று கலந்து கிடக்கும். தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து விரித்துப் பாருங்கள். மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கருப்பு, ஓரத்தில் மயிர் போன்ற சிலியா இருக்கிறதா இல்லையா, மேல்பரப்பில் நுண்ணிய விரல்கள் போன்ற ஐசிடியமா, மாவு போன்ற சொரீடியமா என்று கைலென்ஸில் பிரித்துப் பழகினால், காட்டில் உங்கள் கண் இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்யும். சொட்டுச் சோதனையையும் இதிலேயே பழகலாம். ஆனால் கடைக் கல்பாசியை மாதிரியாக உறையில் போடாதீர்கள். எங்கே விளைந்தது என்று தெரியாத துண்டுக்கு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்மாதிரிக் காப்பகத்தில், இடமில்லை.

பழனி மலைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கனமாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை போவது வசதி: வழி நடக்கலாம், அட்டைத் தொல்லை குறைவு, எடுத்ததைக் காயவைக்க முடியும். ஒரே சங்கடம், இலைபோல மடல்களாகப் படரும் இலைவகை லைக்கன் உலர்ந்திருந்தால் தொட்டதும் நொறுங்கும். அதற்கு ஸ்பிரேயர் பாட்டிலில் வெறும் தண்ணீர் கொண்டுபோய், எடுக்க வேண்டிய தாலஸ் (லைக்கனின் உடல்) மீது தெளித்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். ரப்பர் போல வளைந்து கொடுக்கும். தெளிப்பதற்கு முன் உலர் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதிப் படமும் எடுத்துவிட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

கருவிகள் அதிகமில்லை. 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், கழுத்தில் கயிற்றோடு. மடக்குக் கத்தி ஒன்று, நல்ல கூர் உள்ளதாக. கிளைகளுக்குக் கவாத்துக் கத்திரி. பாறைக்கு ஒரு கிலோ அளவு எடையுள்ள சுத்தியல், 1 முதல் 2 செ.மீ. அகல முனையுள்ள இரும்பு உளி இரண்டு. கண்ணாடிக் கவசம் கட்டாயம். பாறைச் சில்லு கண்ணை நோக்கித்தான் பறக்கும். சிறிய காக்கிக் காகிதக் கவர்கள் 150, டிஷ்யூ பேப்பர் ஒரு கட்டு, மண்மேல் வளர்வனவற்றுக்குத் தீப்பெட்டி அளவிலான அட்டைப் பெட்டிகள் சில. ஹெச்.பி. பென்சில் மூன்று. ஜெல் பேனா வேண்டாம்: பனிமூட்டத்தில் ஈரமான காகிதத்தில் மை பரவி, எண்ணே தெரியாமல் போகும். பாலித்தீன் கவரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கொடைக்கானலில் அதற்குத் தடை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், ஈரமான லைக்கன் பாலித்தீனுக்குள் ஒரே இரவில் வியர்த்து, இரண்டாம் நாளே வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிடும். அதன் பிறகு அந்த மாதிரியைக் காப்பாற்ற முடியாது.

இனி எடுப்பது. இலைவகை லைக்கனை ஓரத்திலிருந்து கத்தியின் தட்டைப் பக்கத்தை நுழைத்து மெதுவாகத் தூக்கினால், ரைசின்கள் என்ற வேர்போன்ற இழைகளோடு வந்துவிடும். உள்ளங்கை அளவு, அதாவது 5 முதல் 8 செ.மீ., போதும். ஆனால் அந்தத் துண்டில் வளரும் ஓரமும் இருக்க வேண்டும், நடுப்பகுதியும் இருக்க வேண்டும். அப்போதீசியம் என்னும் கிண்ணங்கள் இருந்தால் அவையும் வேண்டும். ஓரத்தில் சிலியா, நடுவில் ஐசிடியம், அடியில் ரைசின் என்று அடையாளக்கூறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால்தான் இந்த வற்புறுத்தல். பெரிய தாலஸை முழுதாக எடுக்காதீர்கள். இலைவகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. பட்டையிலும் பாறையிலும் ஓடுபோல ஒட்டிக்கிடக்கும் ஓடுவகைகள் அதைவிட மெதுவாக. 20 செ.மீ. அகலத் தாலஸ் பல பத்தாண்டுகளின் வளர்ச்சி. அந்த இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் படம் எடுத்து, குறிப்பு எழுதி, தொடாமல் நகர்வதே சரி. காற்றடித்த மறுநாள் தரையில் விழுந்து கிடக்கும் கிளைகளை முதலில் பாருங்கள். சோலை மரங்களின் உச்சிக்கிளையில் மட்டுமே வளரும் அஸ்னியாவும் ராமலினாவும் அப்படித்தான் கைக்கு எட்டும், மரத்துக்கும் சேதமில்லை. ஆனால் குறிப்பில் “விழுந்த கிளையில்” என்று எழுத மறக்கக் கூடாது. உயரம் தெரியாதல்லவா?

ஓடுவகை லைக்கன் பட்டையோடு ஒன்றிப்போயிருக்கும். அதைச் சுரண்டினால் தூள்தான் மிஞ்சும். பட்டையையும் சேர்த்துத்தான் மெல்லிய வில்லையாகச் சீவி எடுக்க வேண்டும்: தாலஸின் ஓரத்துக்கு வெளியே அரை சென்டிமீட்டர் விட்டு, கத்தியைச் சாய்த்து, இறந்த வெளிப்பட்டைக்குள்ளேயே நின்றுகொள்ளுங்கள். வெட்டிய இடம் பச்சையாகவோ ஈரமாகவோ தெரிந்தால் ஆழம் அதிகமாகிவிட்டது. அந்தக் காயத்தின் வழியே மரத்துக்கு நோய் நுழையும். வழவழப்பான மெல்லிய பட்டை உள்ள மரங்களில் தண்டைத் தொடாமல், பென்சில் தடிமனுள்ள சிறுகிளையைக் கத்திரியால் 6, 7 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்வது மேல்.

பாறை மாதிரிதான் பொறுமையைச் சோதிக்கும். பழனி மலையும் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. மிகக் கடினம். சமதளமான முகத்தில் நேராக உளியை வைத்து அடித்தால் லைக்கன் தூளாகும், பாறை அசையாது. வெயிலிலும் மழையிலும் அடை அடையாகப் பெயர்ந்துகொண்டிருக்கும் விளிம்புகளையும் விரிசல் ஓரங்களையும் தேடுங்கள். உளியை ஏறத்தாழ 20, 30 டிகிரி சாய்வில், முனை உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்க வைத்து, லேசான பல தட்டுகளாகத் தட்ட வேண்டும். பெயரப்போகும் துண்டின்மேல் முன்கூட்டியே ஈர டிஷ்யூவை ஒட்டிவைத்தால், உடைந்தாலும் சில்லுகள் சிதறாது. வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தாண்டிக்குடி போன்ற இடங்களில் இருக்கும் கல்திட்டைகள், பாறை ஓவியங்கள், கோயில் சுவர், கல்வெட்டு ஆகியவற்றின்மேல் எவ்வளவு அழகான லைக்கன் இருந்தாலும் உளி படக் கூடாது. படம் மட்டும்.

மண்மேல் வளரும் கிளாடோனியா போன்றவற்றை அடி மண்ணோடு ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தூக்கி, நேராக அட்டைப் பெட்டியில் வையுங்கள். கவரில் போட்டால் மண் உதிர்ந்து, மாதிரி அதற்குள் புதைந்துவிடும். ஊருக்கு வந்ததும் வெள்ளைப் பசையை இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்து, அடி மண்ணுக்கு மட்டும் ஊற்றி, அட்டையில் ஒட்டிவிடலாம். இலைமேல் வளர்பவற்றை இலையோடு பறித்து, சாதாரணச் செடியைப் போலச் செய்தித்தாளுக்கிடையே அழுத்துங்கள்.

லைக்கன் இல்லாததை லைக்கன் என்று எடுப்பதும் அடிக்கடி நடக்கும். மரத்தண்டிலும் ஈரச் சுவரிலும் ஆரஞ்சு நிறக் கம்பளம் போலப் படர்ந்திருப்பது பெரும்பாலும் டிரென்டபோலியா என்ற பாசி. விரலால் தேய்த்தால் பஞ்சு போல வரும், தாலஸ் என்ற ஒழுங்கான உடல் இருக்காது. பட்டையில் செம்பழுப்பாகப் பின்னிக்கிடக்கும் நுண்ணிலைக் கொடி ஃப்ருலானியா. அது ஈரல்தாவரம், லென்ஸில் பார்த்தால் இலைகள் வரிசையாகத் தெரியும். தேயிலை, காபி இலைகளில் ஆரஞ்சு வெல்வெட் புள்ளி வைத்திருப்பது செந்துரு நோய் உண்டாக்கும் செபாலியூராஸ் பாசி. அதே பாசி பூஞ்சையோடு சேர்ந்து வெளிர்பச்சையாகவோ வெண்மையாகவோ வட்டமிட்டு, மேலே கரும்புள்ளிகள் வைத்திருந்தால் அது ஸ்ட்ரிகுலா என்ற லைக்கன். ஒரே இலையில் இரண்டும் இருப்பதுண்டு, ஆகவே கரும்புள்ளியைத் தேடுங்கள்.

ஒரே கவரில் இரண்டு இனம் போடுவதுதான் திட்டப்பணிகளைக் கெடுக்கும் பெரிய தவறு. ஏன் நடக்கிறது என்பதற்கு இரண்டு பார்மோட்ரீமாக்களை எடுத்துக்கொள்வோம். கொடைக்கானல் சாலையோர மரங்களில் அடுத்தடுத்து வளரக்கூடியவை. இரண்டும் சாம்பல், இரண்டும் அகலமான மடல்கள், இரண்டுக்கும் அடி கருப்பு. இரண்டடி தள்ளி நின்றால் ஒரே பொருள்தான். லென்ஸை வைத்துக் கண்ணை ஒட்டிப் பாருங்கள். ஒன்றின் நடுப்பகுதி முழுவதும் மணல் தூவியது போல ஐசிடியங்கள், ஓரம் மயிரில்லாமல் மொழுமொழுவென்று இருக்கும்: பார்மோட்ரீமா டிங்டோரம். மற்றதன் மேல்பரப்பில் வலைபோல மெல்லிய வெள்ளைக் கோடுகள், மடல் நுனிகளில் மாவு போன்ற சொரீடியம், ஓரத்தில் கருமயிர்: பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம். ஊரில் வந்து வேதிச் சோதனை செய்தால், முதலாவதன் வெள்ளை உள்சதை, அதாவது மெடுல்லா, சி கரைசலுக்கு (வெளுப்பான்) உடனே சிவக்கும். இரண்டாவதன் மெடுல்லா அதற்கு அசையாது. கே கரைசலுக்கு (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) மஞ்சளாகி, ஒரு நிமிடத்துக்குள் இரத்தச் சிவப்பாகும். இரண்டும் ஒரே கவரில் உடைந்து கலந்துவிட்டால், எந்தத் துண்டு எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டிய கதி வரும். ஒரு மரத்துக்கு ஒரு கவர் என்ற முறையை ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு லைக்கனுக்கு ஒரு எண், ஒரு கவர். மரத்துக்குத் தனியாக ஓர் அடையாளக் குறி கொடுத்து, அந்தக் குறியை ஒவ்வோர் எண்ணின் கீழும் எழுதுங்கள். ஓடுவகைகள் ஒரே பட்டை வில்லையில் நான்கைந்து சேர்ந்து வருவது தவிர்க்க முடியாதது. அப்போது நீங்கள் கருதிய இனத்தின் பக்கத்தில் பட்டையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு, மற்றவற்றைக் குறிப்பில் “உடனிருப்பவை” என்று எழுதுங்கள்.

எண் என்பது உங்கள் பெயரோடு வாழ்நாள் முழுவதும் வரும் தொடர் எண். இந்தப் பயணத்தில் 1 முதல் 80 என்றால் அடுத்த பயணம் 81-இல் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு, இடத்துக்கு இடம் மறுபடி 1 என்று தொடங்கினால், ஒரே பெயரில் ஒரே எண்ணில் இரண்டு மாதிரிகள் உருவாகும். ஆய்வுக் கட்டுரையில் யாராவது அதைக் குறிப்பிடும்போதுதான் குழப்பம் வெளிவரும். எண்ணைக் கவரின் வெளியே எழுதுவதோடு, ஒரு துண்டுச்சீட்டிலும் எழுதி உள்ளே போடுங்கள்.

ஒரு பதிவு இப்படி இருக்கலாம். விவரங்கள் மாதிரிக்காகத்தான்:

எண் 47. 2025 பிப்ரவரி 8. திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம். இன்ன ஊரிலிருந்து சாலை வழியே தென்மேற்கே 2.5 கி.மீ., ஓடைப் பாலத்துக்கு 60 மீ. கிழக்கே. அட்சரேகை, தீர்க்கரேகை ஐந்து தசம இலக்கத்தில், பிழை 12 மீ.; உயரம் 2,080 மீ. சோலைக்காட்டு ஓரம், வடக்குச் சரிவு, விதானம் பாதி திறப்பு. மரம் இ: உயிருள்ள காட்டுப்பூவரசு, 1.3 மீ. உயரத்தில் சுற்றளவு 94 செ.மீ., பட்டை ஆழமாக வெடித்தது. தண்டில் 1.6 மீ. உயரத்தில், வடகிழக்கு முகம், வெடிப்புகளின் மேட்டில். உலர்ந்தபோது வெளிர்சாம்பல், நனைந்ததும் பச்சை கலந்த சாம்பல். அப்போதீசியம் இல்லை. இம்மரத்தில் ஏராளம், உடன் எண் 48, 49. படங்கள் 0312 முதல் 0316.

இதில் எதற்கு என்ன பயன் என்று சொல்லிவிடுகிறேன். பாலத்தை வைத்து இடத்தை வார்த்தையில் எழுதுவது, ஜி.பி.எஸ். எண்ணில் ஓர் இலக்கம் தவறாகப் படியெடுக்கப்பட்டாலும் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு. தசம பாகையில் நான்காவது இலக்கம் சுமார் 11 மீட்டர், ஐந்தாவது சுமார் ஒரு மீட்டர். அடர்ந்த விதானத்தின்கீழ் கைபேசி ஜி.பி.எஸ். 10 முதல் 20 மீட்டர் பிழை காட்டுவது சாதாரணம், அதனால் பிழையையும் எழுத வேண்டும். ஆறாவது, ஏழாவது இலக்கங்களை எழுதுவதில் பொருளில்லை. ஜி.பி.எஸ். காட்டும் உயரம் அட்சரேகையைவிட நம்பகம் குறைந்தது. நிலவரைபடத்தோடு ஒப்பிட்டு, எதிலிருந்து எடுத்த உயரம் என்று சொல்லுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், 8/2 என்பதை ஆகஸ்ட் 2 என்று படிப்பவர்களும் உண்டு. மரத்தின் பெயர் தெரியாவிட்டால் “மரத்தின்மேல்” என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஓர் இலைக்கொத்தை அழுத்தி, அதற்கும் குறி கொடுத்துக் கொண்டுவந்து, பிறகு அடையாளம் காணலாம். சோலையின் பூர்வீக மரமா, பிற்காலத்தில் நட்ட வாட்டில் என்ற அயல் மரமா, தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கா என்பது லைக்கன் பட்டியலையே மாற்றும். பட்டையை ஆண்டுதோறும் உரித்துப் போடும் யூகலிப்டஸின் வழவழத் தண்டில் அதிகம் தேடி நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. கவாத்து வெட்டி வெட்டி முதிர்ந்த தேயிலைச் செடியின் அடித்தண்டில் கட்டாயம் தேடுங்கள்.

உலர்ந்தால் மறைந்துபோகும் குணங்களை அங்கேயே எழுத வேண்டும். பச்சைப்பாசி துணையுள்ள லைக்கன் நனைந்ததும் பச்சையாகும். நீலப்பச்சைப் பாசி துணையுள்ளது கருத்துத் தடிக்கும். லெப்டோஜியம் உலர்ந்தால் ஈயநிறக் காகிதம், நனைந்தால் ஊதிப்போன வழுவழுப்பு. ஸ்டிக்டா சில இனங்கள் நனைந்தால் மீன் வாடை அடிக்கும், முகர்ந்து எழுதுங்கள். அதன் அடிப்பக்கத்தில் குழிந்த வட்டப் புள்ளிகள் இருக்கும், அவற்றைப் படமெடுங்கள். அஸ்னியாவில் ஒரு கிளையை இரு கையாலும் மெதுவாக இழுத்தால் மேல்தோல் வெடித்து, நடுவே வெள்ளை நரம்பு ரப்பர் போல நீளும். ராமலினாவில் அது இருக்காது. படம் எடுக்கும்போது ஸ்கேலும் எண் சீட்டும் சட்டத்தின் ஓரத்தில் வரட்டும், தாலஸை மறைக்க வேண்டாம். முழு மரம் ஒன்று, உலர்ந்த நிலை ஒன்று, நனைந்த நிலை ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என்றால் போதுமானது. நேர்வெயிலில் சாம்பல் நிறமெல்லாம் வெளுத்துவிடும், குடையால் நிழல் பிடியுங்கள்.

மாலையில் தங்குமிடம் வந்ததும் முதல் வேலை உலர்த்துதல். கவர்களின் வாயைத் திறந்து, தட்டில் இடைவெளி விட்டு நிற்கவைத்து, இரவு முழுதும் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மலையில் அறைக்காற்றே ஈரமாக இருப்பதால் ஓர் இரவு போதாமல் போகலாம். தொட்டால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, ஓரம் மொறுமொறுவென்று ஒலித்தால் காய்ந்தது. அடுப்பு, ஹீட்டர், ஓவன் பக்கம் போகாதீர்கள். 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் நிறமும் மாறும், பிறகு டி.என்.ஏ. எடுக்கும் வாய்ப்பும் குறையும். டி.என்.ஏ. வேலை திட்டத்தில் உண்டென்றால் ஒவ்வொரு மாதிரியிலும் சுத்தமான ஓரத்துண்டு ஒன்றைக் கிள்ளி, சிறு காகித மடிப்பில் சிலிக்கா ஜெல் டப்பாவில் தனியாக வையுங்கள். ஊருக்கு வந்ததும் உறைபெட்டிக்கு மாற்றலாம். சுருண்டிருக்கும் இலைவகைகளைக் காய்வதற்கு முன், ஈரமாக இருக்கும்போதே செய்தித்தாளுக்கிடையே வைத்து, இரண்டு மூன்று புத்தக எடையில் சில மணி நேரம் அழுத்துங்கள். செடிகளுக்குப் போடுவது போல இறுக்கிக் கட்டினால் ஐசிடியமெல்லாம் நசுங்கிப்போகும். அஸ்னியா போன்ற புதர்வகைகளையும் ஓடுவகைகளையும் அழுத்தவே வேண்டாம்.

சொட்டுச் சோதனையைக் காட்டில் செய்ய வேண்டிய அவசியமில்லை. கல்லூரி ஆய்வகத்தில் நிதானமாகச் செய்யுங்கள். கே, சி கரைசல்களை 1866-இல் லைக்கன் அடையாளத்துக்குக் கொண்டுவந்தவர் லைக்கன் ஆய்வாளர் நைலாண்டர். இன்றும் முதல் கருவி அதுதான். கே என்பது 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை 100 மி.லி. தண்ணீரில் கரைத்தது. காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி வலுவிழக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கலக்குங்கள். கண்ணாடி மூடி ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் சொட்டுக்குப்பி நல்லது. சி என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், வெளுப்பானாகக் கடையில் கிடைப்பதே போதும். சோதனைகளில் மிக அதிகம் ஏமாற்றுவது இதுதான். குளோரின் போய்விட்ட பழைய குப்பியில் எல்லா மாதிரியும் “மாற்றமில்லை” என்றே காட்டும், பட்டியல் முழுதும் தவறாகிவிடும். ஒவ்வொரு நாளும் தொடங்குவதற்கு முன், ஏற்கெனவே அடையாளம் கண்ட பார்மோட்ரீமா டிங்டோரத்தின் துண்டில் சோதித்துப் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் குப்பியை மாற்றுங்கள்.

சோதனையை மாதிரியின்மேல் நேரடியாகச் செய்யக் கூடாது. கடுகளவு துண்டைக் கிள்ளி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பிளேடால் மேல்தோலைச் சுரண்டி, வெள்ளை மெடுல்லா தெரிந்த பிறகு நுண்குழாய் முனையால் தொட்டு, லென்ஸின் கீழ் பாருங்கள். சில வினாடிகளில் வந்து மறையும் நிறங்கள் உண்டு, கண்ணை எடுக்காதீர்கள். மேல்தோலுக்கு ஒரு முடிவு, மெடுல்லாவுக்கு ஒரு முடிவு என்று தனித்தனியே எழுதுங்கள்: பல பார்மோட்ரீமாக்களின் மேல்தோல் அட்ரனோரின் என்ற லைக்கன் பொருள் காரணமாக கே-க்கு மஞ்சளாகும், அதை மெடுல்லாவின் முடிவு என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. இன்னொரு சொட்டுச் சோதனையான பாரா-ஃபினைலின்டைஅமின் சோதனை 1930-களில் ஜப்பானின் அசாஹினா கொண்டுவந்தது. தோலிலும் உடையிலும் கறைபிடிக்கும், ஒவ்வாமை தரும், ஆவியும் கெடுதல். கையுறையோடு, புகைப்போக்கி அறையில், ஆசிரியர் உடனிருக்கச் செய்வதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். 365 நானோமீட்டர் புறஊதா விளக்கு ஒன்று ஆய்வகத்தில் இருந்தால் மிகுந்த உதவி. நம் சமவெளியின் தென்னை, மாமரங்களில் சாம்பல் வட்டமாக வளரும் பிக்ஸீன் கோகோயஸ் அந்த ஒளியில் மஞ்சளாகப் பளிச்சிடும். லைக்சாந்தோன் என்ற பொருளால் வருவது.

நிரந்தர உறைக்கு அமிலமில்லாத ஏ4 காகிதம். நெடுக்காக வைத்து, கீழிருந்து 10 செ.மீ. மேலே மடியுங்கள்; இரு பக்கமும் 3 செ.மீ. பின்னால் மடியுங்கள், மிஞ்சிய மேல்பகுதி மூடியாக முன்னால் வரும். 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரமுள்ள உறை கிடைக்கும், பசை தேவையில்லை. மூடியின் வெளிப்பக்கத்தில் லேபிள்: பெயர், இடம், ஆயத்தொலை, உயரம், வாழிடம், அடிப்பொருள் (எதன்மேல் வளர்ந்தது), சேகரித்தவர், எண், நாள், அடையாளம் கண்டவர், சோதனை முடிவுகள். பெயர் உறுதியில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊகமாக எழுதிய இனப்பெயரை மற்றவர்கள் உறுதியென்று எடுத்துக்கொள்வார்கள். பின்னால் பெயர் மாறினால் பழைய லேபிளை அடிக்காமல், நாளிட்ட சீட்டாகப் புதியதைச் சேருங்கள். சலாசினிக் அமிலம் என்ற லைக்கன் பொருள் உள்ள மாதிரிகள் ஈரம்பட்ட இடத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் செம்பழுப்பாகும், அஸ்னியாவின் பச்சை மஞ்சளாக மங்கும். ஆகவே லேபிளில் புத்தம்புதிய நிறம் இருக்க வேண்டும்.

பட்டைக்குள் பூச்சி முட்டை இருக்கலாம். ஹெர்பேரிய அலமாரிக்குப் போகும் முன் முழுதும் காய்ந்த உறைகளைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது ஒரு நாள், கட்டியபடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த மாதிரியின்மேல் நீராகப் படிந்து, காயவைத்ததெல்லாம் வீணாகும்.

திட்டப்பணி முடிந்ததும் மாதிரிகள் துறை அலமாரியிலேயே தங்கிவிட வேண்டாம். லக்னோவில் உள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹெர்பேரியம் லைக்கனுக்கு நாட்டின் முதன்மையான தொகுப்பு. லைக்கன் ஆய்வாளர் பேராசிரியர் அவஸ்தியின் சேகரிப்பும் அங்கேதான் இருக்கிறது. புனே ஆகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்திலும் நல்ல தொகுப்பு உண்டு. பொறுப்பாளருக்கு முன்கூட்டியே எழுதி, பட்டியலையும் அனுமதிக் கடிதத்தின் நகலையும் இணைத்துக் கேளுங்கள். அனுப்பும்போது உறைகளை எண் வரிசையில் அட்டைப் பெட்டிக்குள் ஆடாமல் நெருக்கி நிற்கவைத்து, இடைவெளியைக் காகிதத்தால் அடையுங்கள். பாறை மாதிரிகளை அட்டையில் ஒட்டி, டிஷ்யூவில் சுற்றி, வேறு பெட்டியில் அனுப்புங்கள். சேர்த்து வைத்தால் வழியிலேயே மற்ற எல்லாவற்றையும் அரைத்துவிடும். அவர்கள் தரும் சேர்ப்பு எண் வந்ததும், ஆய்வேட்டுப் பட்டியலில் உங்கள் சேகரிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவிடுங்கள்.